மூன்று தையல் கூடும் இடம்

என் தங்கைக்கு வீட்டில் பெயர் சின்னவள். எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். அவள் பிறந்த அன்று அப்பா என்னை மடியில் உட்கார்த்திவைத்து, "இனிமே நீ பெரியவ, இவ சின்னவ" என்றாராம். அதோடு சரி, பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதை வாத்தியார்களைத் தவிர யாரும் தொட்டதில்லை.

அந்தப் பெயரே அவளுக்கு வினையாக வந்து முடிந்தது. பன்னிரண்டு வயதில் அவளுக்கு மார்பு வளர ஆரம்பித்தது. எல்லாப் பெண்களுக்கும் வளர்வதுதான், இவளுக்கு நிற்கத் தெரியாமல் வளர்ந்தது. பதினான்கு வயதில் அம்மாவின் சட்டையே அவளுக்குப் பற்றவில்லை. ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வர, அப்பா குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருக்கிறார். பிள்ளைகள் கும்பலாக வெளியே வரும்போது, பாவம் மனுஷன், உள்ள பாசத்தையெல்லாம் சேர்த்து, "சின்னவளே! ஏ சின்னவளே!" என்று கத்தியிருக்கிறார். எவனோ ஒருத்தன், "எதுடா சின்னது?" என்று கேட்டான். வாசல் முழுக்கச் சிரிப்பு. கேட்டில் நின்ற வாத்தியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

குடைக்குள் வராமல், புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, மொத்த மழையிலும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவள் மார்புக்கு முன்னால் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. பை இல்லாவிட்டால் துணிக்கட்டு, துணிக்கட்டு இல்லாவிட்டால் ஒரு தலையணை. "வெளியில யாரும் என்ன அப்படிக் கூப்பிடாதீங்க" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். நாங்களும் வீட்டுக்குள் மட்டும்தான் கூப்பிட்டோம்.

எங்களுடையது தையல் கடை. அப்பா வைத்தது. கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. அம்மா அப்பா போன பிறகு, என் வீட்டுக்காரரும் போன பிறகு, நானும் அவளும் மட்டும்தான். சட்டை, கால்சட்டை, பள்ளிச் சீருடை, கிழிந்ததைத் தைப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று எல்லா வேலையும் எடுப்போம். நான் முன்னால் மெஷினில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் வாயடிப்பேன். எனக்கு வாய் நீளம், கோபமும் நீளம். ஊரில் பாதிப் பேர் என் தையலுக்காக வந்தார்கள், மீதிப் பேர் என் வாய்க்குப் பயந்து வேறு கடைக்குப் போனார்கள். சின்னவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டன் தைப்பாள், பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். எங்கள் இருவரில் கைகாரி அவள்தான். ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை வெட்டினால், ஒரு விரல் அகலம்கூட வீணாகாது. நான் சாக்பீஸால் நாலு கோடு போட்டு அழிக்கும் இடத்தில் அவள் ஒரே கோட்டில் முடிப்பாள். ஆனால் வெட்டும் மேசையில் கால் மணி நேரத்துக்கு மேல் அவளால் குனிந்து நிற்க முடியாது. மார்பின் கனம் கழுத்தை இழுக்கும். தோள் இரண்டிலும் உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் ஒரு பென்சிலை வைத்தால் உருளாமல் நிற்கும். வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகிவிடும். விரல்கள் மரத்துப்போய் ஊசியைத் தவறவிடுவாள். "ஒண்ணுமில்லக்கா, தூக்கம் சரியில்ல" என்று சமாளிப்பாள்.

இன்னொரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேரின் அளவும் என் அளவு நோட்டில் உண்டு. செத்துப்போனவர்களின் அளவுகூட இருக்கிறது. என் கூடப்பிறந்தவளின் அளவு மட்டும் கிடையாது. தனக்கான சட்டையைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அவளே வெட்டி, அவளே தைத்துப் போட்டுக்கொள்வாள். கூடாரம் மாதிரி இருக்கும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. எனக்கே வாயடைத்துப்போகிற விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

என்னிடம் அவளுக்கு மரியாதை என்பதே கிடையாது. நீ, வா, போ, உளறாதே, இதுதான் எங்கள் பேச்சு. எட்டு வயது மூத்தவள் என்று நானும் கேட்டு வாங்கவில்லை. அவளுக்கு 'நீங்க' என்பது வாடிக்கைக்காரர்களுக்கு உரிய சொல். அப்புறம் ஒரு பழக்கம் உண்டு. கோபம் வந்தால் நான் கத்துவேன், அவள் கத்த மாட்டாள். மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். எங்களுக்குத் துணி போடும் வியாபாரி ஒருவர் சின்ன வயதிலிருந்து பழக்கம். "அண்ணே, நீ போன தடவ நல்ல துணி குடுத்தியே" என்றெல்லாம் உரிமையாகப் பேசுவாள். ஒரு முறை தண்ணீரில் சுருங்கும் துணி என்று தெரிந்தே எங்கள் தலையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து, "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடுறீங்களா?" அவ்வளவுதான். அந்த மனுஷன் ஆறு மாதம் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். "எத்தன வருஷமா பழகியிருக்கோம், பழையபடி திட்டேன்மா" என்று கெஞ்சினார். "ஐயோ, உங்களப் போய் நான் திட்டுவேனா?" என்றாள். நான் அடக்க முடியாமல் சிரித்தேன்.

அவளுக்கு நாற்பத்தோரு வயது நடக்கும்போது ஒரு சீருடைக் கம்பெனியின் மேலாளர் எங்கள் கடைக்கு வந்தார். அவள் வெட்டிக் கொடுத்த ஒரு காகித மாதிரியை எங்கோ பார்த்திருக்கிறார். வெட்டும் பிரிவுக்கு மாஸ்டராக வரச் சொன்னார். "இப்ப இருக்கிறவர் மூணு மாசத்துல ஓய்வு பெறுறார். அன்னைக்கு நீங்க வந்து நின்னா வேலை உங்களுக்கு. நாள் முழுக்க நின்னு வெட்டணும், முடியுமா?" என்று கேட்டார். அவள் திரைக்குப் பின்னாலிருந்து, துணிக்கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, "முடியும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த வாரமே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன். இருபத்தேழு வருடம் யாருக்கும் காட்டாத உடம்பை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் காட்டிவிட்டு வந்து, எனக்குப் படம் போட்டு விளக்கினாள். மேலே ஒரு வட்டம், வட்டத்திலிருந்து கீழே ஒரு நேர்கோடு, அடியில் குறுக்கே ஒரு நீளக்கோடு. அதிகச் சதையை எடுத்துவிட்டு இந்தக் கோடுகளில் தைப்பார்களாம்.

"பாத்தியாக்கா, நம்ம வேலதான். மடிப்பு எடுத்து வடிவம் கொண்டுவர்றது" என்றாள். பிறகு நேர்கோடும் குறுக்குக்கோடும் சேரும் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் பயமாம்" என்றாள்.

எந்தத் தையல்காரிக்கும் அது தெரியும். மூன்று தையல் ஒரு புள்ளியில் கூடினால் அந்த இடம்தான் முதலில் பிரியும். அதனால்தான் சட்டையின் அக்குளில் இரட்டைத் தையல் போடுகிறோம்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் அவளை எழுப்பி நிறுத்தியபோது, நர்ஸைப் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள். அவள் என்னைவிட உயரம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைப் பார்த்து, "இப்பத்தான்க்கா பேருக்கு ஏத்த மாதிரி ஆயிருக்கேன்" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

தையல்களின் மேல் இரண்டு பக்கமும் பட்டையான ஒட்டுக்கட்டு போட்டிருந்தார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் வந்து சோப்பு டப்பா அளவுள்ள ஒரு பெட்டியில் சேர்ந்தது. கட்டுப் போடும் நர்ஸ் எங்களுக்கு விளக்கினார். என் வயதுதான் இருக்கும், நிதானமான பொம்பளை.

"உள்ள இருக்கிற காத்த இது உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ரெண்டு பக்கத் தோலயும் சேத்துப் பிடிக்கும், நீர் கோத்துக்காம எடுத்துரும். ஏழு நாள் இருக்கட்டும். பச்ச விளக்கு எரிஞ்சா நல்லாருக்குன்னு அர்த்தம். ஆரஞ்சு எரிஞ்சா எங்கயோ காத்து போகுது. உடனே எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா எதுவும் பண்ணாதீங்கம்மா."

டாக்டரம்மாவும் சொன்னார். "அந்த மூணு தையல் சேர்ற இடம் எல்லாருக்குமே கொஞ்சம் பலவீனம்தான். இத மாட்டினா பிரியிற வாய்ப்பு குறையும். பிரியவே பிரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன்." புண் ஒழுங்காக ஆறினால், வேலையில் சேர வேண்டிய நாளுக்குள் அவள் நின்று வெட்டலாம் என்றும் சொன்னார். நான் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பால் வட்டமிட்டு வைத்தேன். பிரிந்தால் அந்தத் தேதி போச்சு.

அந்தப் பெட்டிக்கு சின்னவள் 'மாமியார்' என்று பெயர் வைத்தாள். "கல்யாணமே ஆகாம மாமியார் வந்துட்டா பாரு. எந்நேரமும் இடுப்புலயே இருக்கா. சும்மா இருந்தாலும் முணுமுணுங்குறா." வீட்டுக்கு வந்த மூன்று நாளும் ஒரே சிரிப்பு. சிரித்தால் தையல் இழுக்கும் என்று இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாள். "ஆறினதும் நீதான் எனக்கு அளவு எடுக்கணும்" என்றாள். "நோட்டுல என் பேர எழுது."

வீட்டுக்கு வந்து நாலாம் நாள். கீழே பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடந்தது, பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான். அவளுக்கு அக்குள் பக்கம் கட்டின் ஓரம் சுருண்டு தோலில் உரசிக்கொண்டே இருந்தது. "உறுத்துதுக்கா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒட்டின ஓரம் அகலமாக, பிசிறாகத் தெரிந்தது. ஓரத்தோடு ஒரு புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டின் மேல் ஒரு சின்னக் கத்தரிக்கோல் படம்.

தையல் மாதிரிக் காகிதம் பார்த்தவர்களுக்குத் தெரியும். புள்ளிக்கோட்டின் மேல் கத்தரிக்கோல் இருந்தால், 'இங்கே வெட்டு' என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடமாக அதைப் பார்த்து வெட்டுகிறவள் நான். 'அட, வெட்டுற கோடு போட்டே குடுத்திருக்காங்களே' என்று நினைத்தேன். என் கண்ணாடி கீழே மெஷின் மேல் இருந்தது. போய் எடுத்து வந்திருக்கலாம். பன்னிரண்டு படிதான். கழுத்தில் தொங்கிய நூல் கத்தரியை எடுத்து, அவள் தூக்கம் கலையாமல், அந்தக் கோட்டின் மேலேயே வெட்டினேன். நறுவிசாக வெட்டினேன். வெட்டின துண்டை மடித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்து, எப்போதும் போல வெட்டுத்துணி மூட்டைக்குள் எறிந்தேன். என் கை வெட்டினதை எல்லாம் அந்த மூட்டையில்தான் போடும்.

ஒரு மணி நேரம் கழித்து மேலே போனால் ஆரஞ்சு விளக்கு.

வெட்டின ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தினேன், பச்சை. கையை எடுத்தேன், ஆரஞ்சு. கீழே ஓடிப்போய்ப் பொட்டலம் ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்து ஒட்டினேன். பச்சை எரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி ஆரஞ்சு. இன்னும் ஒரு டேப். மறுநாள் அதுவும் நிற்கவில்லை. பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

"ஏன்க்கா, மாமியார் ரெண்டு நாளா ஓயாம கத்துறா?" என்று கேட்டாள்.

"வயசானா அப்படித்தான்" என்றேன்.

மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாவி. நானும் சிரித்தேன். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சீருடை வேலை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஏழாம் நாள் எப்படியும் மாற்றத்தானே போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். பயம். ஐம்பதை எட்டப்போகிறவளுக்கு, தெருவையே திட்டுகிற வாய் உள்ளவளுக்கு, ஒரு நர்ஸிடம் திட்டு வாங்கப் பயம்.

ஏழாம் நாள் விடிவதற்குள், அவள் தூங்கும்போதே டேப்பையெல்லாம் உரித்து எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டை உரித்தார். உள்ளே ஈரம் கோத்து, தோல் ஊறி வெளுத்திருந்தது. வலது பக்கம் கோடு கோடாக அழகாகச் சேர்ந்திருந்தது. இடது பக்கம், மூன்று தையலும் கூடுகிற அந்த இடம், பிரிந்துவிட்டிருந்தது. இரண்டு விரல் நுழையும். சின்னவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை.

டாக்டரம்மா உரித்த கட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஓரத்த யார் வெட்டினது?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் என் கண் இரண்டையும் கொடுப்பேன்.

"சிஸ்டர்தான். ஒட்டும்போதே வெட்டினாங்க" என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "நானா? நான் எதுக்கும்மா வெட்டப்போறேன்? இத வெட்டவே கூடாதே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" என் குரல் எகிறியது. நியாயம் என் பக்கம் இருக்கிற மாதிரியே எகிறியது. எனக்குத்தான் அது நன்றாக வருமே.

அப்போதுதான் என் தங்கை வாயைத் திறந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "எங்க அக்கா கத்துவா. ஆனா பொய் சொல்ல மாட்டா டாக்டர்" என்றாள்.

எத்தனையோ பேர் என்னை என்னென்னவோ திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை மாதிரி எதுவும் என்னை அறுத்ததில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வலியோடு உட்கார்ந்து, தன் அழகான கையெழுத்தில் சின்னவளே புகாரை எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டேன். அந்த நர்ஸைக் கட்டுப் போடும் அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

புண் ஆற நாலு மாதம் ஆனது. இந்த முறை பிரிந்த இடத்துக்குள் ஸ்பாஞ்சு வைத்து, உறிஞ்ச ஒரு பெரிய பெட்டி. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. சிவப்பு வட்டம் போட்ட தேதி வந்தது, போனது. அன்று கம்பெனிக்கு போன் செய்து, "என்னால வர முடியல, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். இரவும் பகலும் அவளுக்கு நான்தான் எல்லாம் செய்தேன். துடைத்தேன், ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். எவ்வளவு செய்தாலும் எனக்குப் போதவில்லை. அவளோ, "உனக்கு என்னால எவ்வளவு கஷ்டம்" என்பாள். அப்புறம், "அந்தம்மா ஒரு நிமிஷம் கவனமா இருந்திருந்தா இதெல்லாம் உண்டா?" என்பாள். நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன். எத்தனை முறைதான் தண்ணீர் எடுத்து வருவது.

கடைசியில் ஆறியது. ஒரு காலையில் கடைக்கு இறங்கி வந்து, திரையை ஒதுக்கிவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் என் முன்னால் நேராக நின்றாள்.

"அக்கா, அளவு எடு."

டேப்பை எடுத்தேன். தோள், மார்பு, இடுப்பு. ஒவ்வொரு எண்ணையும் நான் வாய்விட்டுச் சொல்ல, அவளே சரிபார்த்தாள். நோட்டில் புதுப் பக்கத்தில் 'சின்னவள்' என்று எழுதினேன். அவள் அந்தப் பக்கத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் யார் கூப்பிட்டாலும் இனி பரவாயில்லை என்றாள்.

வெளிர் நீலத்தில் துணி எடுத்திருந்தாள். அவளே வெட்டினாள், ஒரு மணி நேரம் மேசையில் நின்று. நான் தைத்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன் என்றால் நம்புங்கள். காலர் பட்டிக்குள் வைக்க ஒரு தடித்த துண்டு வேண்டியிருந்தது. "மூட்டையில பாக்குறேன் இரு" என்று குனிந்து கையை விட்டாள். அவளால் அப்போது நன்றாகக் குனிய முடிந்தது.

கருநீலச் சீருடைத் துண்டு ஒன்றை இழுத்தாள். அதோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லிய, கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். புள்ளிக்கோடு. சின்னக் கத்தரிக்கோல் படம். கண்ணாடி போட்டிருந்ததால் அன்றைக்குப் பார்க்காதது இன்றைக்கு எனக்கும் தெரிந்தது. கத்தரிக்கோலின் மேல் மெல்லிசாக ஒரு பெருக்கல் குறி. வெட்டாதே.

மெஷினை நிறுத்தினேன்.

"நீதான் வெட்டினியா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

"அவங்க தலையில போட்டியே, ஏன்?"

"பயந்துட்டேன்டீ. உனக்கு உறுத்துதேன்னுதான் வெட்டினேன். வெட்டுற கோடுன்னு நெனச்சுட்டேன். ஆரஞ்சு எரிஞ்சதும் பயந்துட்டேன்." காலில் விழாத குறையாக உளறினேன். "சின்னவளே, என்னத் திட்டு. நாலு அறை வேணா குடு."

அவள் திட்டவில்லை. பட்டையைக் கவனமாக மடித்துக் காகிதத்தில் சுற்றினாள். பாதி தைத்த சட்டையை மெஷினிலிருந்து எடுத்து, நூலை அறுத்து, மடித்து மேசையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து ரொம்ப மென்மையாகச் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்களும் வாங்க."

போனோம். துணி சலவைக்குப் போகும் கிடங்கில் அந்த நர்ஸ் படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் பட்டையை அவரிடம் கொடுத்து, "நான் எழுதிக் குடுத்தது பொய். எங்க அக்கா சொன்னாங்க, நான் நம்பிட்டேன். எழுதினதத் திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்" என்றாள். சொன்னாங்க. ஊரார் முன்னால் எனக்கு அவ்வளவு மரியாதை. மீதியை நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

நர்ஸ் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்த இடம் நீங்க வெட்டாம இருந்தாலும் பிரிஞ்சிருக்கலாம்மா. யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருந்தா, வேற ஒண்ணு ஒட்டிவிட்டிருப்பேன். பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிஷம். அதைக் கேட்டதும் என் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

அவரை மறுபடி கட்டுப் போடும் அறைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சின்னவள் இரண்டு மாதம் என்னோடுதான் இருந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. "டீ போடட்டுமா? நீங்க சாப்பிட்டீங்களா? நான் வேணா தைக்கிறேன், நீங்க ஓய்வெடுங்க." நான் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிப் பார்த்தேன். "பரவாயில்லக்கா, நல்லாருக்கு" என்று சாப்பிட்டாள். அந்தத் துணி வியாபாரியை நினைத்துக்கொண்டேன். அவர் நிலைமையைப் பார்த்துச் சிரித்தேனே என்று இருந்தது.

பிறகு தொலைவில் ஒரு ஊரில் வெட்டும் பிரிவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். இப்போது அவளை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்களாம். நாள் முழுக்க நின்று வெட்டுகிறாளாம், கழுத்து வலி இல்லையாம். அதற்காக நான் சந்தோஷப்படாத நாளில்லை. அந்த நீலச் சட்டையை நான் தைத்து முடித்து வைத்திருக்கிறேன், அக்குளில் இரட்டைத் தையல் போட்டு. அனுப்பட்டுமா என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை போன் செய்வாள். ஒரு முறையும் தவறியதில்லை. மாத்திரை போடுறீங்களா, கண்ணாடி மாத்தினீங்களா, படியில பாத்து இறங்குங்க. போன ஞாயிறு என்னால் தாங்க முடியவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அப்பா பள்ளிக்கூட வாசலில் கூப்பிட்டாரே, அந்த மாதிரி உயிரைக் கொடுத்து, "சின்னவளே!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.